ஐந்தரைக் குதிரையில் பாதி

என்ஜினின் நெற்றியில் எழுதியிருக்கிறது:
ஐந்தரைக் குதிரை.
பெட்ரோல் குடித்த நாளில் ஓடியிருக்கும்.
மார்ச்சிலிருந்து எங்கள் குவாய்மாரோவில்
பெட்ரோல் என்பது ஒரு வரிசை.
வரிசை என்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் இடம்பிடிக்க யாரோ வைத்துப்போன கல்.

தண்ணீர் தரைக்குக் கீழே தொட்டியில் கிடக்கிறது.
நான் மூன்றாம் மாடியில்.
நடுவே நாற்பத்தெட்டுப் படி,
இரண்டு வாளி,
ஒழுங்காக மடங்கும் ஒரே ஒரு முழங்கால்.

"கரி இருக்கிறதே" என்றாள் இடால்மிஸ்.
சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவள்;
ஆலைக்குப் பூட்டு விழுந்தபின்
நகத்துக்குச் சாயம் பூசிப் பிழைக்கிறவள்.

தீயணைப்பான் ஒன்றைப் படுக்கவைத்து அறுத்தாள்.
நெருப்பை அணைக்கப் பிறந்தது
இனி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
வாயுவை ஆற்றக் கட்டில் சட்டத்தின் குழாய்.
வடிகட்ட, பன்றிக்கொழுப்பு டின்னுக்குள்
ரெய்னெரியோவின் தலையணைப் பஞ்சு.
(அன்றிலிருந்து அவன்
மடித்த கால்சட்டையில் தலைவைத்துத் தூங்குகிறான்.)
காற்றை அளந்துவிட என் சமையலறைக் குழாய்த் திருகு.
எப்படியும் அதில் தண்ணீர் வந்ததில்லை.

கரி, மராபூ முள்ளின் கரி.
மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய விடத்தேரை;
ஒன்றை வெட்டினால் ஒன்பது எழும்.
நல்ல துண்டெல்லாம் கப்பலேறி
யாருடைய இறைச்சியையோ வாட்டப் போகிறது.
கப்பலேறாததைச் சலித்தோம்:
புளியங்கொட்டைக்குப் பெரிது, எலுமிச்சைக்குச் சிறிது.
தூள் ஆகாது. தூள் தொண்டையை அடைக்கும்,
அதன் தொண்டையையும்.

முதல் நாள்
காற்று நுழையும் இரும்பு மூக்கு
மெழுகாய் உருகிக் கரிக்குள் ஒழுகியது.
இடால்மிஸ் சிரித்தாள்:
"அவ்வளவு சூடு இருக்கிறதென்று தெரிந்ததே!"
இரண்டாம் மூக்கு, டிராக்டர் அச்சிலிருந்து.

அடுத்த முறை, மழைக்கு ஒதுங்கி
மாடிப்படிக்குக் கீழே மூட்டினோம்.
பெலாயோ செருப்பு வாரைக் கட்டக் குனிந்தார்,
எழவில்லை.
புகை இல்லை. நாற்றம் இல்லை.
எதுவுமே இல்லாத ஒன்று
எங்கள் நடுவே நின்றுகொண்டிருந்தது.
மழையில் இழுத்துப் போட்டோம்.
வாந்தியெடுத்தார், எங்களைப் பெற்றவர்களைத் திட்டினார்,
திட்டத் திட்ட எங்களுக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு மூன்று வாரம்
யாரும் அந்தச் சிவப்பு உருளையைப் பார்க்கவில்லை.
நான் வாளி தூக்கினேன்.

எடுத்துவந்து திறந்த வெளியில் வைத்தது பெலாயோதான்.
"என்னைக் கொல்லப் பார்த்ததற்கு
வேலையாவது செய்யட்டும்."

நேற்று சைக்கிள் பம்பால் ஊதினோம்.
குழாய் நுனியில் தீக்குச்சி காட்டினாள்.
பற்றியதா? வெயிலில் தெரியவில்லை.
ரேஷன் அட்டையின் ஓரத்தை நீட்டினேன்:
பழுப்பு, கருப்பு,
பிறகு அட்டையில் எண்ணெய்க்கான கட்டமே இல்லை.
போகட்டும், எண்ணெயும் இல்லை.

கயிற்றை இழுத்தோம்.
இருமல்.
இழுத்தோம்.
திருகை மயிரிழை திறந்தாள்,
சாயம் உரிந்த கட்டைவிரலால், பாதி மயிரிழை மூடினாள்.
முப்பத்தோராவது இழுப்பில்
அது தன் சம்மதத்தைச் சொன்னது,
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது,
தளர்ந்த குரலில், ஆனால் விடாமல்.
ஐந்தரையில் பாதி தேறும் என்றாள்.
மிச்சக் குதிரைகள் எங்கே மேய்கின்றனவோ.

ஓஸ் முதலில் நடுங்கியது, பிறகு கனத்தது.
மேலே, காலித் தொட்டியின் அடித்தகட்டில்
தண்ணீர் விழும் சத்தம்.

அப்போதுதான் தெருவெங்கும் கூச்சல்:
கரண்ட் வந்துவிட்டது!
மாவு அரைக்க, போனுக்கு உயிரேற்ற,
மின்மோட்டாரைப் போட
எல்லோரும் ஓடவேண்டிய நேரம்.

பெலாயோ ஒரு கைப்பிடி கரி எடுத்து
தூள் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார்.
ரெய்னெரியோ ஓஸை மிதிக்காமல் தள்ளி நின்றான்.
எங்கள் ஜன்னல்களில்
பகல் விளக்குகள் வீணாக எரிந்தன.